முதலில் தண்ணீர், பிறகு மீன்

தொட்டி வாங்கும் நாளும் மீன் வாங்கும் நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மாத இடைவெளி வேண்டும். முதன்முதலாக வீட்டில் வண்ண மீன் வளர்க்க ஆசைப்படுபவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால், இதைத்தான் சொல்வேன்.

நடப்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை சென்னைக் கொளத்தூரில் மீன் கடைகள் பக்கம் போய்ப் பாருங்கள். கண்ணாடித் தொட்டி, கலர் கல், ஏர் மோட்டார், பிளாஸ்டிக் செடி, பையில் பத்துப் பன்னிரண்டு மீன் என்று எல்லாமே ஒரே ஆட்டோவில் ஏறும். சாயங்காலம் தண்ணீரை நிரப்பி, நீல மருந்தில் நாலு சொட்டு விட்டு, மீனையும் விட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று நாள் எல்லாம் நன்றாகவே இருக்கும். அப்புறம் ஒரு மீன் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இரண்டு வாரத்துக்குள் பாதி போய்விடும். "நமக்கு மீன் ராசியில்லை" என்று தொட்டியைப் பரணில் ஏற்றுவார்கள். ஆசையாகப் பேர் வைத்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய துக்கம்! ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த மீன்கள் தங்கள் கழிவிலேயே நஞ்சேறிச் செத்தன. தடுத்திருக்கக்கூடிய சாவு அது.

மீன் தன் உடலில் சேரும் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகத்தான் வெளியேற்றுகிறது. தின்னாமல் மிஞ்சிய தீனியும் எச்சமும் அழுகும்போதும் அதே அம்மோனியா வரும். ஆற்றிலும் ஏரியிலும் அது பெருந்தண்ணீரில் கரைந்து போகும். ஐம்பது லிட்டர் தொட்டியில் அது எங்கே போகும்? அங்கேயே சேரும், செவுளைப் புண்ணாக்கும். பார்க்கத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். அதனால்தான் காரணம் யாருக்கும் புரிவதில்லை.

இந்த நஞ்சைத் தீர்ப்பவை பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் லேசுப்பட்டதல்ல, மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டால் உடனடி ஆபத்தில்லை. வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அது கட்டுக்குள் இருக்கும். செடிகளும் அதை உரமாக எடுத்துக்கொள்ளும்.

இந்த இரண்டாம் வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று பழைய புத்தகங்கள் எழுதிவந்தன. 1998-இல் டிமதி ஹோவனெக் குழுவினர் நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்து, அங்கே நைட்ரைட்டை மாற்றுபவை நைட்ரோஸ்பைராவை ஒத்த பாக்டீரியாக்கள் என்று காட்டினார்கள். 2015-இல் இன்னொரு வியப்பு: அம்மோனியாவில் தொடங்கி நைட்ரேட் வரை முழு வேலையையும் தானே முடிக்கும் நைட்ரோஸ்பைராக்கள் இருப்பது தெரியவந்தது. அவற்றில் ஒரு கூட்டம் அகப்பட்டது மீன் வளர்ப்புக்கான தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஃபில்டரில்தான்.

புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதுமான அளவில் இல்லை. பெருகுவதும் மெதுவாகத்தான். தண்ணீரில் மிதந்து திரிவதைவிடக் கல்லிலும் மணலிலும், முக்கியமாக ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை இவை. இவற்றை வளர்த்துவிட்டுத்தான் மீனைக் கொண்டுவர வேண்டும். அந்த ஒரு மாதம் எதற்கு என்பதற்கு விடை இதுதான்.

முதலில் தொட்டி. சின்னதாக ஆரம்பிப்போம், பழகிய பிறகு பெரிது வாங்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். உண்மை நேர்மாறானது. தண்ணீர் குறையக் குறையத் தவறுக்கு இடமும் குறையும். ஒரு சிட்டிகை தீனி அதிகமானால் ஐந்து லிட்டர் கிண்ணத்தில் அது நஞ்சு, ஐம்பது லிட்டரில் சமாளித்துவிடலாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டி நல்ல தொடக்கம். ஒரு கன அடிக்குச் சுமார் 28 லிட்டர், ஆக 56 லிட்டர். மேலே விளிம்பு விட்டு, மணலும் கல்லும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் ஏறக்குறைய 45 லிட்டர் நிற்கும். கண்ணாடி, கல், தண்ணீர் எல்லாம் சேர்ந்து எடை 70 கிலோவைத் தாண்டலாம். டிவி ஸ்டாண்டும் பிளாஸ்டிக் மேசையும் இதைத் தாங்காது. சமமான, ஆடாத பலகை வேண்டும். தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் ஷீட் ஒன்றைப் போடுங்கள். சிறு மேடுபள்ளத்தால் அடிக்கண்ணாடி விரிசல் விடாமல் அது காக்கும். ஜன்னல் வெயில் நேராக விழும் இடம் வேண்டாம், பாசி பிடிக்கும், தண்ணீரும் சூடேறும். இடத்தில் வைக்கும் முன் மாடியிலோ முற்றத்திலோ ஒருநாள் முழுக்க நீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

ஃபில்டர் கட்டாயம். ஏர் மோட்டாரில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரையே நான் முதலில் சொல்வேன். விலை குறைவு, குஞ்சுகளை உள்ளே இழுக்காது, பாக்டீரியாவுக்கு நல்ல வீடு, தண்ணீரைக் கலக்கி ஆக்சிஜனும் சேர்க்கும். ஒரு எச்சரிக்கை: மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி மோட்டாருக்குள் இறங்கும். எல்லா வயரும் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி மேலேறட்டும், வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கைவிடும் முன் சுவிட்சை அணைப்பது பழக்கமாகட்டும்.

ஹீட்டரைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். வெப்பமண்டல மீன்களுக்கு 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் போதும். ஊட்டி, கொடைக்கானலில் ஹீட்டர் வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் பிரச்சினை கோடைதான். பளபளக்கும் கலர் கல்லுக்குப் பதிலாக நன்றாக அலசிய ஆற்று மணலோ சிறு கூழாங்கல்லோ போடுங்கள். சோப்பு கூடவே கூடாது. கடற்கரையில் பொறுக்கிய சிப்பியும் பவளக்கல்லும் தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும், அவை தொட்டிக்குள் வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் நிதானமாக இருக்க வேண்டும். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். மனிதருக்கு வரும் கிருமிகளைக் கொல்லும் அதே குளோரின் மீனின் செவுளையும் நாம் வளர்க்க விரும்பும் பாக்டீரியாவையும் கொல்லும். வாளியில் பிடித்து ஏர் மோட்டார் ஓட விட்டு ஒருநாள் வைத்திருந்தால் பறந்துவிடும். அவசரத்துக்குக் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் போதும், அதில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட். போர் தண்ணீரில் குளோரின் இல்லை, உப்பும் சுண்ணாம்பும் உண்டு. சிலர் மீனுக்கு நல்லது செய்வதாக நினைத்து ஆர்ஓ தண்ணீரை மட்டுமே ஊற்றுகிறார்கள். அதில் தாதுக்கள் அநேகமாக இல்லை. அமிலத்தைத் தாங்கிப்பிடிக்கும் கார்பனேட்டும் இல்லாததால் சில வாரங்களில் பிஎச் சரிந்து மீனும் பாக்டீரியாவும் சேர்ந்து அவதிப்படும். போர் தண்ணீர் மிகக் கடினமாக இருந்தால் அதோடு ஆர்ஓவைக் கலந்துகொள்ளலாம். சுத்திகரிப்புக் கருவி வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை மட்டும் தொடாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் குவிந்திருக்கும்.

பிஎச்சைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று கடும் நஞ்சு, மற்றது அவ்வளவு தீங்கில்லாதது. பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறினால், மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. வெப்பம் ஏறினாலும் அது கூடும். ஆகவே கடினமான போர் தண்ணீரும் சித்திரை வெயிலும் சேர்ந்த வீட்டில் அவசரப்பட்டு மீன் விடுவது இரட்டை ஆபத்து.

சரி, பாக்டீரியாவை எப்படி வளர்ப்பது? தொட்டியை முழுதாக அமையுங்கள், தண்ணீரை நிரப்புங்கள், ஃபில்டரை ஓட விடுங்கள், மீன் மட்டும் வேண்டாம். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுக விடுங்கள், அதிலிருந்து அம்மோனியா வரும். கணக்காகச் செய்ய விரும்புகிறவர்கள் தூய அம்மோனியம் குளோரைடு வாங்கலாம். நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் என்று கிடைப்பதும் அடிப்படையில் அதுவே என்றாலும், அதில் என்ன கலந்திருக்கும் என்ற உறுதியில்லாததால் ஆய்வகத் தரத்தில் வாங்குவதே சரி. 45 லிட்டருக்குக் கால் கிராம் போட்டால் லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்றும் வேண்டும். கலர் கல்லுக்கும் பொம்மைக்கும் செலவிடும் பணத்தை இதில் போடுங்கள்.

முதலில் அம்மோனியா ஏறும். ஒன்றிரண்டு வாரத்தில் அது இறங்கத் தொடங்க, நைட்ரைட் ஏறும். பிறகு அதுவும் இறங்கி நைட்ரேட் தெரியும். இன்று போட்ட அம்மோனியா நாளைக்குள் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யத்தைக் காட்டினால் தொட்டி தயார். வழக்கமாக மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். நம் ஊர் வெப்பத்தில் கொஞ்சம் சீக்கிரமே முடியலாம். நண்பர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால் அங்கே ஓடிய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரோடு வையுங்கள். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரிதான், வேலை வேகமாக நடக்கும். பழைய தொட்டியின் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுவதால் மட்டும் பெரிய பயனில்லை, பாக்டீரியா அதிகம் இருப்பது ஸ்பாஞ்சில். நீல மருந்தை இந்தக் காலத்தில் தொடவே கூடாது. மெத்திலீன் புளூ பூஞ்சைக்கு மருந்துதான். ஆனால் நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கும். அதைத் தனிப் பாத்திரத்தில் வைத்திருக்கும் நோயுற்ற மீனுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

இந்த வாரங்களில் செடிகளை நட்டுவிடலாம். வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஜாவா பாசி, அனுபியாஸ் ஆகிய நான்கும் அதிகம் கேட்காதவை. அனுபியாஸின் கிழங்குத்தண்டை மட்டும் மணலில் புதைக்காதீர்கள், அழுகிவிடும். கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டுங்கள். விளக்கு நாளைக்கு ஆறேழு மணி நேரம் போதும்.

இனி மீன். பிடித்த மீனுக்காகத் தண்ணீரை வளைக்காதீர்கள், வீட்டுத் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேடுங்கள். போர் தண்ணீர் வீடுகளுக்குக் கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில் நான்கும் பொருத்தம். இவை கடினத் தண்ணீரை விரும்புபவை. எல்லாம் குட்டி போடும் மீன்கள். கப்பி சுமார் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஈனும், ஒருமுறை சேர்ந்த பெண் மீன் ஆண் துணையில்லாமலே பல மாதம் குட்டி போடும். எண்ணிக்கை பெருகுவது தொல்லை என்று நினைத்தால் ஆண் கப்பிகளை மட்டும் வாங்குங்கள். வண்ணமும் வாலழகும் அவற்றுக்குத்தான் அதிகம்.

முதல் மீனாக நான் பரிந்துரைக்கும் இன்னொன்று ஜீப்ரா டேனியோ. நம் துணைக்கண்டத்து மீன். 1822-இல் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய நூலில் இதை வர்ணித்தார். இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் முதுகெலும்பிகளின் வளர்ச்சியை ஆராய இதைத்தான் வளர்க்கிறார்கள். சூடும் குளிரும் தாங்கும், ஓயாது நீந்தும், ஆனால் கூட்டமாகத்தான் இருக்க வேண்டும், ஆறுக்குக் குறையக் கூடாது. இலங்கையின் ஈரமண்டல ஓடைகளைச் சேர்ந்த செர்ரி பார்பும் அமைதியான மீன். பண்ணையில் பெருக்கப்பட்டதே கடைக்கு வருகிறது. கேரளத்து மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் மிஸ் கேரளா மட்டும் வேறு கதை. கண்ணைப் பறிக்கும் சிவப்புக் கோடு, ஆனால் அதை அழிவின் விளிம்புக்குத் தள்ளியதில் அளவுக்கு மீறிப் பிடித்து ஏற்றுமதி செய்ததற்கும் பங்குண்டு. ஓடும் தண்ணீருக்குப் பழகிய, ஐந்தாறு அங்குலம் வரை வளரும் மீன். இரண்டடித் தொட்டிக்கு அது வேண்டாம். ஆற்றில் பிடித்ததை எந்தத் தொட்டிக்கும் வாங்காதீர்கள்.

கோல்டு ஃபிஷ் எல்லோர் வீட்டிலும் முதலில் வருவது, பெரும்பாலும் முதலில் சாவதும். இதைக் கிண்ணத்தில் வைக்கும் வழக்கம் எப்படியாவது ஒழிய வேண்டும் என்று நினைக்கிறேன். கையகலம் வரை வளரும், நன்றாக வைத்தால் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும், நிறையத் தின்று நிறையக் கழிக்கும். அதற்கு மூன்றடித் தொட்டியும் வலுவான ஃபில்டரும் வேண்டும். ஃபைட்டரைக் கடையில் சின்னப் பாட்டிலில் வைத்திருப்பதால் அதுதான் அதன் வீடு என்று நினைத்துவிடுகிறோம். செவுளோடு காற்றையும் நேரடியாக உறிஞ்சும் உறுப்பு அதற்கு உண்டு, அதனால் பாட்டிலில் தாக்குப்பிடிக்கிறது, அவ்வளவுதான். ஒரு ஆணைத் தனியாக, மூடி போட்ட இருபது லிட்டர் தொட்டியில், காய்ந்த பாதாம் இலை ஒன்றைப் போட்டு வளர்த்துப் பாருங்கள், எவ்வளவு கம்பீரமான மீன் என்று தெரியும். ஆஸ்கர் ஓரடி வளரும். டைகர் பார்ப் கப்பியின் வாலைக் கடிக்கும். வளர்ந்த ஏஞ்சல் சின்ன நியான் டெட்ராவை விழுங்கிவிடும். நியானே அமேசானின் மென்மையான தண்ணீர் மீன், முதல் தொட்டிக்கு அது அவசரம். சாயம் ஏற்றிய மீன்களை வாங்கவே வாங்காதீர்கள். கண்ணாடி மீனின் உடலில் ஊசியால் சாயம் செலுத்தி விற்கும் கொடுமை இன்னும் இருக்கிறது.

நம் இரண்டடித் தொட்டிக்கு ஆறு ஜீப்ரா டேனியோ, ஆறு ஆண் கப்பி, அவ்வளவே போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டாம். முதலில் டேனியோக்கள், இரண்டு வாரம் கழித்துக் கப்பிகள். பாக்டீரியாவும் தன் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். கடையில் அந்தத் தொட்டியில் செத்த மீன் கிடந்தால், துடுப்பை மடக்கிக்கொண்டு ஒதுங்கும் மீன் இருந்தால், வெறுங்கையோடு வந்துவிடுங்கள். வாங்கிவந்த பையைப் பிரிக்காமல் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்க விடுங்கள். பிறகு திறந்து, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

அதற்குப் பிறகு மீனைக் கொல்வது பெரும்பாலும் அன்புதான். தீனி போட ஆளாளுக்கு ஆசை. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளைக்கு ஒன்றிரண்டு முறை, வாரத்தில் ஒருநாள் பட்டினி. வீட்டில் ஒருவர் மட்டும் தீனி போடட்டும். ஊருக்குப் போகும்போது தீனி டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுக்காதீர்கள், ஒருவேளைக்கு ஒன்றாகப் பொட்டலம் கட்டிக் கொடுங்கள். வளர்ந்த, திடமான மீன்கள் நாலைந்து நாள் தீனியில்லாமலே இருந்துவிடும்.

வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீர் மாற்றுங்கள். முழுத் தொட்டியையும் கவிழ்த்துக் கல்லையும் ஃபில்டரையும் குழாயடியில் தேய்த்துக் கழுவுவது சுத்தமல்ல, ஒரு மாத உழைப்பைச் சாக்கடையில் ஊற்றுவது. ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த அதே தண்ணீரில் இரண்டு முறை பிழிந்துவிட்டுத் திரும்ப வையுங்கள். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை ஈடுகட்டிக்கொண்டே இருப்பதும் தண்ணீர் மாற்றுவதும் ஒன்றல்ல. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே தங்கும்.

கோடையில் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டும்போது அதில் கரையும் ஆக்சிஜனும் குறைகிறது. மூடியைத் திறந்து வலை போட்டு, மேல்மட்டத்தில் காற்று படும்படி சின்ன ஃபேன் வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டி போடாதீர்கள், திடீர் மாற்றம் வெப்பத்தைவிடக் கெடுதல். கரண்ட் நெடுநேரம் போனால் மீனுக்கு மட்டுமல்ல, ஸ்பாஞ்சில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் மூச்சு முட்டும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் மோட்டார் ஒன்று வீட்டில் இருக்கட்டும். மீன் மேலே வந்து மூச்சு வாங்கினால் மருந்து தேடாதீர்கள், முதலில் அம்மோனியாவை அளந்து பாருங்கள், குளோரின் நீக்கிய தண்ணீரால் பாதியை மாற்றுங்கள். பெரும்பாலும் அதுவே மருந்து.

கடைசியாக, கடையில் டேங்க் கிளீனர் என்று ஒன்றைத் தள்ளிவிடுவார்கள். கண்ணாடியை நக்கிக்கொண்டு விரல் நீளத்தில் இருக்கும் அந்தச் சக்கர் மீன், தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. ஒன்றரை அடி வரை வளரும். தொட்டியைச் சுத்தமும் செய்யாது, அதன் எச்சமே அழுக்கைக் கூட்டும். வளர்ந்ததும் வைத்துக்கொள்ள முடியாமல் ஏரியில் விட்டவர்களால்தான் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பெருகி, வலையை அறுத்து, கெண்டை கெளுத்தியின் இடத்தைப் பிடித்து, மீனவர்களுக்குத் தலைவலியாகிவிட்டது. எந்தத் தொட்டி மீனையும் குளத்திலோ கால்வாயிலோ விடாதீர்கள், கப்பிக் குட்டியைக்கூட. மிஞ்சியவற்றைக் கடைக்காரரே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார். அல்லது புதிதாகத் தொட்டி வைக்கும் நண்பருக்குக் கொடுங்கள், அதற்குச் சில வாரம் முன்பே உங்கள் ஸ்பாஞ்சில் ஒரு துண்டையும் வெட்டிக் கொடுத்துவிடுங்கள்.